இந்த வருஷம் பூவாளி யாருக்கு

ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். என் முதுகுவலி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது?

அத்தான் போனில் எல்லாம் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். இடது கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்து அனுப்பியிருக்கிறார்களாம். குமிழி மேலே மிதந்து விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் நீ உட்கார்ந்தாலும் படுத்தாலும் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டுமாம். பிறந்ததிலிருந்து யாருக்கும் தலை குனியாதவளுக்கு இப்படி ஒரு வைத்தியமா என்று சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன், அது வேறு.

டிப்போவில் என்ன சொல்கிறார்கள்? உன் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸை இப்போது யார் ஓட்டுகிறார்கள்? இடது கண் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்க்கிற கண் அதுதானே. அது தெளிந்தால்தானே உன்னை மறுபடி ஸ்டியரிங்கைத் தொட விடுவார்கள்?

இருக்கட்டும். போட்டிக்கு வருகிறேன். பனிக்காலம் முடிவதற்கான முதல் அடையாளத்தை யார் பார்க்கிறார்களோ அவர்களுக்குப் பூவாளி. அம்மா போட்ட சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறாது. பூவோ துளிரோ, வெளியில் வேரோடு நிற்க வேண்டும். பூக்கடையில் பார்த்தது செல்லாது. சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இல்லாத ஒரு சாட்சி வேண்டும். போனில் சொன்னால் செல்லாது, கடிதம்தான். தபால் முத்திரையில் இருக்கிற தேதிதான் நீதிபதி. அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிய அந்த நசுங்கிய தகரப் பூவாளி ஆறு வருஷமாக உன் சமையலறை ஜன்னலில் குந்தியிருக்கிறது. உன் ஊர் பள்ளத்தில், என் ஊர் மேட்டில் என்பதால் வந்த வெற்றி அது. இந்த வருஷம் பெட்டி வாங்கி வைத்துக்கொள். எனக்கு அனுப்பத் தேவைப்படும்.

அத்தானுக்கு என் அன்பு. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு.

உன் தங்கை


ஜனவரி 22

என் அருமைப் பல்லிக்கு,

அடுத்தவர்களுக்குப் பல் செய்து செய்து உனக்கு வாய் நீண்டுவிட்டது. நலமாக இரு.

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுகிறேன் என்று கேள். கட்டிலில் குப்புறப் படுத்து, நெற்றியை விளிம்பில் சுருட்டி வைத்த துண்டின்மேல் கொடுத்திருக்கிறேன். கீழே ஒரு முக்காலி, அதன்மேல் காகிதம். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் கழுவாத மீன்தொட்டி.

இப்போது நான் தரை ஆராய்ச்சி செய்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அத்தானின் கால்விரல்களை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். "இத்தனை நாள் இதை மறைச்சுதான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அன்று முழுவதும் காலுறையைக் கழற்றவில்லை. வருகிறவர்களைச் செருப்பை வைத்தே சொல்லிவிடுகிறேன். அலமாரிக்கு அடியில் உன் பழைய கம்மல் ஒன்று கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

மதியம் பின்கதவைத் திறந்து வைத்துப் படியில் உட்காரவைக்கிறார். முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு மண்ணைப் பார்க்கிறேன். கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஆனால் நீ மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாய், வருவது என்னவோ தரையிலிருந்துதான் முதலில் வரும். பெட்டியெல்லாம் வாங்கப்போவதில்லை.

டாக்டரிடம் எப்போது சரியாகும் என்று கேட்டால் "பொறுமையா இருங்கம்மா" என்கிறார். இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சிரிப்பதைப் பார்த்தால் பாதி குணமானது மாதிரிதான். கம்மலை வைத்திரு, இன்னொன்று எங்கே என்று தேடுகிறேன்.

இங்கே ஒன்றும் இல்லை அக்கா. ஊரே பல் முளைக்காத ஈறு மாதிரி இருக்கிறது. காலையில் குழாயில் தண்ணீர் உறைந்து, பட்டறையில் பல் அச்சுக்கு மாவு குழைக்க வெந்நீர் காய்ச்ச வேண்டியிருக்கிறது. இந்த வாரம் ஒரு பெரியவருக்குப் பல்செட் செய்கிறேன். முன்பற்கள் இரண்டும் பழையபடி கோணலாகவே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். "நேரா வச்சா என் பேரப்பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியாதும்மா" என்றார். கோணலாகச் செய்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. நீ படியில் போய் உட்கார். உன் பக்கம் ஏதாவது தெரிந்தால் உடனே எழுது. அவசரமில்லை, எனக்கு இங்கே இன்னும் ரொம்ப நாள் ஆகும்.

சூடாக உடுத்திக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 4

பல்லி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தின் ஓரத்தில் எப்போதும் வெள்ளையாக விரல் அச்சு இருக்கும். பல் அச்சு எடுக்கிற மாவு. இந்தக் கடிதத்தில் வெள்ளைக்கு மேலே மஞ்சள். முன்பு மாதிரி நடந்துகொண்டே படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. இப்போது ஒரு சாண் தூரத்தில், தலை குனிந்து, வேறு எதையும் பார்க்க வழியில்லாமல் படிக்கிறேன். விரலால் தேய்த்தேன். தூள். முகர்ந்தேன், தும்மல் வந்தது. நான் தும்மக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாட்டைப் பார்த்து உன் அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யப் போய்விட்டார்.

உன் பட்டறைக்குப் போகிற வழியில் கால்வாய்க் கரைப் புதர். வருஷா வருஷம் மொட்டைக் கிளையில் மஞ்சள் பூ வால் வாலாகத் தொங்கும், தொட்டால் தூள் கொட்டும். நீ தொட்டிருக்கிறாய். தொட்டுவிட்டு வந்து "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய்.

எனக்கு விட்டுக்கொடுக்கிறாயா? தோற்கப்போகிறவளுக்குத்தான் விட்டுக்கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னிடம் குழந்தையிடம் பேசுவது மாதிரி மெதுவாகப் பேசுகிறார்கள். நீ ஒருத்தியாவது வழக்கம்போலச் சத்தம் போடுவாய் என்று நினைத்தேன்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தணியாவிட்டாலும் படி.

இத்தனை நாள் நான் எழுதாததற்கு வேலை காரணமில்லை. மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் மன்னிப்பு, இரண்டாவதில் சண்டை. மூன்றாவதில் அந்தத் தூள் சமையல் மஞ்சள்பொடி என்று ஒரு பொய். அதை நானே நம்பவில்லை.

உண்மை இதுதான். வால்களைப் பார்த்தேன். கை தானாகப் போய்த் தொட்டது. அப்போது நீ தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மனதில் வந்தது. ஓடிப்போய் ஸ்டாம்ப் ஒட்டக் கால் வரவில்லை. உனக்காகச் செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது, உன் கண் போய்விட்டது என்று நான் பயந்துவிட்டேன். பயந்ததை அன்பு என்று பெயர் மாற்றி உறையில் போட்டுவிட்டேன். அது தப்புதான்.

ஆனால் அக்கா, நானும் உன் கடிதத்தைத் தலை குனிந்துதான் படித்தேன். நீ பஸ் ஓட்டத் தொடங்கியதிலிருந்து உன் கடிதம் எதுவும் ஒரு பயணி இல்லாமல் வந்ததில்லை. சில்லறை தேடுகிற அம்மா, கோழிக்கு டிக்கெட் கேட்ட ஆள், தூங்கித் தூங்கிக் கடைசி ஸ்டாப்புக்குப் போகிற கணக்கு வாத்தியார். டிப்போவைப் பற்றி நான் நேராகக் கேட்டேன். நீ அத்தானின் கால்விரலைப் பற்றி எழுதினாய். போன வாரம் அத்தானே சொல்லிவிட்டார். சீருடையைத் துவைத்து, மடித்து, பையில் போட்டு வாசலில் வைத்திருக்கிறாயாமே, திருப்பிக் கொடுக்க. "இன்னும் ரெண்டு வாரம் குனிஞ்சுக்கிட்டே இருங்க" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு மடித்தாயாம்.

நீ உன்னையே தோற்றவளாக மடித்து வைத்துவிட்டு, நான் விட்டுக்கொடுத்தேன் என்று என்னைத் திட்டுகிறாய்.

வால்களைப் பற்றி நான் கடிதம் போடவில்லை. முத்திரை இல்லை, எனவே செல்லாது. போட்டி இன்னும் திறந்தே இருக்கிறது. இனி ஒரு இலையைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானைத் திட்டாதே. நான்தான் பிடுங்கினேன்.

உன் தங்கை


பிப்ரவரி 21

என் அருமைப் பல்லிக்கு,

எல்லோரும் நலம். முத்திரையை முதலில் பார். பிறகு படி.

ஆமாம், சீருடையைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்று டிப்போவுக்குப் போனேன். உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது. படித்துவிட்டும் போனேன், நீ சொன்னதைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

இப்போது நடக்கலாம், ஆனால் தலை குனிந்தபடிதான். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையைப் பார்த்தபடி நடந்தேன். நான் டிரைவர் இருக்கையிலிருந்தே பார்த்த தெரு அது, அதன் தரை எனக்குத் தெரியவே தெரியாது. டிப்போ பின்சுவர் ஓரமாகத் திரும்பினோம். காலையில் வண்டிகளை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓட விடுவோமே, அந்த இடம். சுவருக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற வெடிப்பில், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒன்று. நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் முதுகில் இடித்தார்.

குனிஞ்சிப்பூ. அம்மா வைத்த பெயர்தான் நமக்குத் தெரியும். வெள்ளையாக மணி மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எல்லாப் பூவுக்கும் முன்னால் வருமே, அது. இரண்டு பூ. நானும் அதுவும் ஒரே மாதிரி நின்றோம். அது தோற்றுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் பூக்கும் அது.

ஏழாம் நம்பர் ஓட்டுகிறாளே, அவள் தேநீர்க் கோப்பையோடு வந்தாள்.

"என்னக்கா, எதைத் தொலைச்சீங்க?"

"தொலைக்கல. கண்டுபிடிச்சேன். நீ சாட்சி. நல்லாப் பாத்துக்க."

"பூவுக்கெல்லாமா சாட்சி? சரி, பாத்துட்டேன். பையில என்ன?"

"யூனிஃபார்ம்."

"துவைக்கவா?"

"துவைச்சாச்சு. வீட்டுல மாட்டி வைக்கணும்."

மாட்டி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏழாம் நம்பர் டிப்போவிலேயே இந்த வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். தேநீர்க் கறையும் அவளுடையதே.

பூவாளி இங்கேயே இருக்கும்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நான் சுகமோ சுகம். வென்றுவிட்டேன்!

பட்டறை வாசலில் இருக்கிற பிளம் மரத்தில் ஒரே ஒரு மொட்டு இன்று மத்தியானம் விரிந்துவிட்டது. நான் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஐந்து இதழ், வெள்ளை, சந்தேகமே இல்லை. சாட்சி, கோணல் பல் கேட்ட பெரியவர். பல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம், அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து காட்டினேன். தலையை ஆட்டி ஏதோ சொன்னார்.

இந்த முறை நேராகத் தபால் ஆபீசுக்கே ஓடினேன். மேலங்கியைக் கழற்ற மறந்து, வெள்ளை மாவோடு. கவுண்டரில் இருந்த பெண் "அவசரமா?" என்றாள். "ஆறு வருஷமா" என்றேன்.

பெட்டி வாங்கு.

உன் தங்கை


பிப்ரவரி 27

என் அருமைப் பல்லிக்கு,

நலம். உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்த்துக் கையசைத்துப் போயிருக்கும். ஒரே தேதி! அம்மாவின் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. உன் அத்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

ஆனால் என் தரப்பில் ஒரு ஆட்சேபணை. உன் சாட்சிக்கு அப்போது வாயில் பல் இல்லை. "தலையை ஆட்டி ஏதோ சொன்னார்" என்று நீயே எழுதியிருக்கிறாய். என்ன சொன்னார்? "பூ" என்றாரா, "போ" என்றாரா? விளங்காத வாக்குமூலம் செல்லாது.

தலையை நிமிர்த்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் நாள் கழுத்து நிமிர மறுத்தது. அத்தானின் முகத்தைப் பார்த்து, "நீங்களா? காலை வச்சு வேற மாதிரி நினைச்சிருந்தேன்" என்றேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நிமிர்ந்துவிட்டாய் என்று படித்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள்.

பெரியவர் புதுப் பல்லோடு வந்து "பூ" என்றே சொன்னதாக அடித்துச் சொல்லிவிட்டார். கோணல் பல் அவருக்கு அப்படிப் பொருந்துகிறது. உன் குனிஞ்சிப்பூவைப் பற்றி எனக்கும் ஆட்சேபணை உண்டு. எஞ்சின் சூட்டில் பூத்தது தானாகப் பூத்ததா, வேக வைத்ததா?

வழக்கு முடியாது. எனவே ஒரு யோசனை. இந்தப் பருவத்தில் அடுத்த முதல் அடையாளத்துக்குப் பூவாளி. பூவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பனிக்காலம் முடிந்தது என்று உன் மனதும் என் மனதும் ஒப்புக்கொள்கிற எதுவும். சொந்தக் கண், சாட்சி, முத்திரை மட்டும் மாறாது. சம்மதமா?

அந்தக் கண்ணால் என்ன தெரிகிறது? நேராகக் கேட்கிறேன். நேராகப் பதில் எழுது.

உன் தங்கை


மார்ச் 19

அன்புள்ள பல்லிக்கு,

சம்மதம். சுகமாக இருக்கிறாயா? நேராகவே எழுதுகிறேன்.

குமிழி கரையக் கரைய, தொட்டியில் தண்ணீர் இறங்குகிற மாதிரி கண்ணுக்குள் ஒரு கோடு இறங்கியது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். முதல் நாள் வானம் ஒரு கீற்று. பிறகு எதிர்வீட்டுக் கூரை. பிறகு மரத்தின் உச்சி, அதில் சிவப்பாக மொட்டுகள். பிறகு வேலி. எல்லோருக்கும் வசந்தம் மண்ணிலிருந்து மேலே ஏறும், எனக்கு வானத்திலிருந்து இறங்கியது. கடைசியில் குமிழி ஒரு மணியளவு சுருங்கி, கொத்தனாரின் ரசமட்டத்தில் ஆடுகிற மாதிரி அடியில் ஆடிக்கொண்டிருந்தது. நேற்று காலை பல் தேய்க்கும்போது தேடினேன், இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, பழகிவிட்டது பார்.

நேர்கோடுகள் லேசாக நெளிகின்றன. கதவுச் சட்டம் இடுப்பை ஆட்டுகிறது. நாளாக நாளாகச் சரியாகும் என்கிறார் டாக்டர். ஏப்ரலில் டிப்போவில் பரிசோதனை. நான் பயப்படுகிறேன். இதையும் எழுதிவிட்டேன், கடிதத்தை எங்கும் முகர்ந்து பார்க்க வேண்டாம்.

ஏழாம் நம்பர் சொன்னாள், கணக்கு வாத்தியார் என்னைக் கேட்டாராம். புது டிரைவர் அவரை எழுப்புவதில்லையாம்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 24, ரயிலில்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம். இந்த முறை விசாரிக்கவில்லை, கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஓட்டுகிறாய் என்று அத்தான் சொன்னதும் லீவு போட்டேன். சொல்லாமல் வந்தேன். சந்தைத் திருப்பத்து ஸ்டாப்பில் கூட்டத்தோடு கூட்டமாகப் பன்னிரண்டாம் நம்பரில் ஏறினேன். முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். நீ திரும்பவே இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். பூங்கா வளைவில் இரண்டு பக்கமும் மரங்கள் வெள்ளையாக வெடித்துக் கிடந்தன. தேவைக்கு மேலே வேகத்தைக் குறைத்தாய். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வாசகசாலை ஸ்டாப்பில் "வாத்தியாரே, எழுந்திருங்க, உங்க ஸ்டாப்பு" என்று நீ குரல் கொடுத்ததும் நான் முக்காட்டுக்குள் மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா கைக்குட்டை கொடுத்தாள். "டிரைவர் என் அக்கா" என்றேன். "அதுக்கு ஏம்மா அழறே? நல்லாத்தானே ஓட்டுது" என்றாள்.

அவளே சாட்சி. பனிக்காலம் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம்? நான்தான் முதலில் பார்த்தேன். அடுத்த நிலையத்தில் இறங்கித் தபால் பெட்டியில் போடுகிறேன்.

பூவாளியை நன்றாகச் சுற்றி அனுப்பு. ஏற்கனவே நசுங்கியது.

உன் தங்கை


ஏப்ரல் 24, டிப்போவில்

என் அருமைப் பல்லிக்கு,

இந்நேரம் நீ ரயிலில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பாய். முதுகை வளைத்து எழுதாதே, வலிக்கும்.

சந்தைத் திருப்பத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். கூட்டத்தில் மூன்றாவது ஆள். முக்காடு மூக்குவரை, வலது முழங்கையில் வெள்ளை மாவு, காற்றில் முக்காடு விலகியபோது ஒரு காதில் மட்டும் கம்மல். நான் எடுத்து வைத்த கம்மலின் ஜோடியைத் தேடி எடுத்து, எனக்கு எழுதாமலே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். பஸ் நிற்பதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. எந்தக் கண்ணால் என்று நீ கேட்பாய். ஸ்டாப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்துக்கொள்.

பேசவில்லை. ஓடும்போது டிரைவரிடம் பேசக்கூடாது என்று பலகை இருக்கிறது. அதோடு, நீ எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. பூங்கா வளைவில் உனக்காகத்தான் மெதுவாகப் போனேன்.

கடைசி ஸ்டாப்பில் நீ பின்கதவால் நழுவியதும் ஏழாம் நம்பரைக் கூப்பிட்டு, தெருமுனை திரும்புகிற உன் முதுகைக் காட்டினேன். "பாத்துக்க, நீ சாட்சி" என்றேன். "உங்க குடும்பத்துக்கு சாட்சி சொல்லியே எனக்கு வேலை போயிடும்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

நீ ஏறிய பிறகுதான் என்னைப் பார்த்தாய். நான் நீ ஏறுவதற்கு முன்பே உன்னைப் பார்த்துவிட்டேன்.

கம்மலை மட்டும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா